தொங்கிப்போன கதவு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் 1986ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா கார், டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் ஆலையில் உருவான வண்டி. ஓட்டுநர் பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடியும் என்ற நிலை வந்தபோது, கதவுச் சட்டத்தில் பூட்டு மாட்டிக்கொள்ளும் கொக்கியைச் சற்றுக் கீழே இறக்கிவிடலாம் என்றார் மாமா. அது நோயை மறைக்கும் வைத்தியமாகவே எனக்குப் பட்டது. பாதி திறந்த கதவைக் கீழிருந்து தூக்கிப் பார்த்ததில், மேல் கீலின் ஊசி துளைக்குள் ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. கதவின் எடை மேல் கீலை வெளிப்புறமாக இழுப்பதால், தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, பழைய துண்டு சுற்றிய பலகையை ஜாக்கியின் மேல் வைத்துக் கதவைத் தாங்கிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் மாற்றினோம். கடற்காற்றில் துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டிருந்தும், ஒன்று மட்டும் அரை நாளை விழுங்கிவிட்டது. பொறுமையைச் சோதித்தது நேர்ப்படுத்தும் வேலைதான்: கொக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, பின்கதவின் பக்கவாட்டுக் கோட்டோடு முன்கதவின் கோடு ஒன்றும்வரை போல்ட்டுகளை இளக்கி, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி, மீண்டும் இறுக்கினோம். கொக்கியைக் கடைசியாகத்தான் மாட்டினோம். மாமா இன்னமும் பழக்கதோஷத்தில் கதவைத் தூக்கியே சாத்துகிறார்.