ஐரிஷ் மறுபதிப்பு மேசையில்

அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் வந்த பழைய நூல் ஒன்றை மறுபதிப்புக்கு எடுத்தால், அந்த மொழியின் மீட்பு இயக்கத்துக்குள் நடந்த அத்தனை சண்டையும் முதல் பக்கத்திலேயே மேசைக்கு வந்துவிடும்.

1893இல் டக்ளஸ் ஹைடும் ஓவன் மக்நீலும் மற்றவர்களும் ஐரிஷ் மொழியை மீட்கக் கேலிக் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எந்த ஐரிஷை எழுதுவது என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 17ஆம் நூற்றாண்டின் ஜெஃப்ரி கீட்டிங் எழுதிய உரைநடையே முன்மாதிரி என்றது ஒரு தரப்பு. மக்கள் பேசுவதையே எழுதவேண்டும் என்று வாதாடினார் பாதிரியார் பீட்டர் ஓ'லியரி. பேச்சுமொழி வென்றது. ஆனால் எந்த ஊர்ப் பேச்சு? மன்ஸ்டர், கொனாக்ட், அல்ஸ்டர் என்று அயர்லாந்தின் மூன்று பகுதிகளுக்கு மூன்று வழக்குகள். நலம் விசாரிப்பதே மூன்றிலும் வேறு வேறு. அந்தக் கேள்வி தீராமல் இன்றும் பதிப்பாசிரியர் தலையில்தான் விடிகிறது.

அடுத்தது எழுத்துருச் சண்டை: பழைய கேலிக் எழுத்தா, ஆங்கிலத்துக்கு வழங்கும் ரோமன் எழுத்தா? கேலிக் எழுத்தில், மெலிந்து ஒலிக்கும் மெய்யின் தலையில் ஒரு புள்ளி வரும். ரோமனில் அதற்குப் பதிலாகப் பக்கத்தில் 'எச்' சேர்ப்பார்கள். 1960களில் பாடநூல்கள் ரோமனுக்கு மாறியதும் சண்டை அடங்கியது. நமக்கு வேலை அடங்கவில்லை. ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் ஓட்டினால், கேலிக் 'ஆர்', 'எஸ்' இரண்டும் ஒரே சாயலில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து உட்காரும். 'உம்' என்ற பொருளில் வரும் சுருக்கக்குறி, 7 என்ற எண்ணாகிவிடும். இவை கண்ணில் படுகிற பிழைகள். தேய்ந்த அச்சில் புள்ளி விழாத இடம்தான் ஆபத்து. 'அ வாட்' என்றால் அவனுடைய படகு. 'அ பாட்' என்றால் அவளுடைய படகு. எழுத்தில் இரண்டுக்கும் அந்த ஒரு புள்ளிதான் வேறுபாடு. புள்ளி போனாலும் வாக்கியம் பிழையில்லாமலே நிற்கும், படகு மட்டும் கைமாறியிருக்கும். அதனால் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பைப் பார்ப்பதுதான் சரி.

பிறகு எழுத்துக்கூட்டு. அயர்லாந்து நாடாளுமன்றத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவு 1945இல் எழுத்துக்கூட்டைச் சுருக்கியது. 1958இல் இலக்கணத்தையும் சேர்த்து அதிகாரபூர்வத் தரம் வெளியானது. கொதிக்கவைத்தலைக் குறிக்கும் சொல் 13 எழுத்திலிருந்து 6 எழுத்தானது. படிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. சுருக்கியதில் உயிருள்ள ஒலியும் சில இடங்களில் போய்விட்டது என்பதையும் சொல்லவேண்டும். புதிய எழுத்தில் 'உணவு', 'உணவின்' இரண்டும் 'பியா'தான். மன்ஸ்டர்காரர் வாயில் 'உணவின்' என்பது 'பீக்'. எழுத்துக்கூட்டைக் கண்மூடித்தனமாக மாற்றினால் அவருடைய வேற்றுமை உருபையே அழித்துவிடுகிறோம்.

வினைச்சொல்லில் கைவைப்பது இன்னும் பெரிய பிழை. மன்ஸ்டரில் 'வீஸ்' என்ற ஒரே சொல், நம் 'இருந்தேன்' போல, ஆளையும் தன்னுள் வைத்திருக்கிறது. தர வடிவம் 'வீ மே' என்று இரண்டு சொல். உரைநடையிலேயே இந்த மாற்றம் நடையைக் குலைக்கும். பாட்டில் அசை கூடிச் சந்தமே முறியும்.

ஆகவே வேலை தொடங்கும் முன் ஒரு முடிவுத்தாள் எழுதிவிடவேண்டும்: புள்ளி எல்லாம் 'எச்' ஆகும், ஒலிக்காத எழுத்து போகும், ஆசிரியரின் ஊரில் ஒலிக்கிற எழுத்து நிற்கும், வினைவடிவம் தொடப்படாது. அந்தத் தாளையே முன்னுரையில் அச்சிட்டால், எது ஆசிரியருடையது, எது பதிப்பித்தவருடையது என்று படிப்பவர் பிரித்துக்கொள்வார்.