ரெகவரி.கான்ஃப் போன பிறகு

2019 அக்டோபரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் 12-ஆம் பதிப்பு வரும்வரை, ஸ்டாண்ட்பை சர்வர் (முதன்மை சர்வரான பிரைமரியின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கி வைத்திருக்கும் நகல்) அமைப்பதென்றால் ரெகவரி.கான்ஃப் என்ற தனிக் கோப்பு வேண்டும். அது டேட்டா டைரக்டரியில் இருந்தால் சர்வர் மீட்பு நிலையில், அதாவது மாற்றப் பதிவுகளை ஏற்றிக்கொள்ளும் நிலையில் எழும். பிரைமரியாக உயர்த்தியதும் ரெகவரி.டன் என்று பெயர் மாறிவிடும். இந்த சர்வரின் வேலை என்ன என்பதும் எந்த பிரைமரியிடம் பதிவுகளை வாங்க வேண்டும் என்பதும் அந்த ஒரே கோப்பில். அதிலுள்ளவற்றை, ஓடும் சர்வரின் அமைப்புகளைக் காட்டும் ஷோ கட்டளையால் பார்க்கவும் முடியாது. நள்ளிரவில் ரெப்ளிகேஷன் (பிரைமரியிலிருந்து நகலுக்கு மாற்றங்கள் போவது) நின்றுபோனால், கோப்பில் இருப்பதைத்தான் ஓடும் சர்வரும் படித்ததா என்று தெரியாமல் தவிப்போம்.

12-இல் அந்த அமைப்புகள் எல்லாம் சர்வரின் பொதுவான அமைப்புக் கோப்பான போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபுக்குப் போய்விட்டன. ஸ்டாண்ட்பையா என்பதைச் சொல்ல ஸ்டாண்ட்பை.சிக்னல் என்ற வெற்றுக் கோப்பு போதும். பழைய ரெகவரி.கான்ஃப் கிடந்தால் சர்வர் எழவே மறுக்கும். எங்கள் ஸ்கிரிப்டுகள் வரிசையாக உடைந்தன. "ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு எழுந்தால் என்ன?" என்று டீமில் கேட்டார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் கோப்பைக் கண்டுகொள்ளாமல் எழுந்திருந்தால் ஸ்டாண்ட்பை தனி பிரைமரியாகியிருக்கும். அப்ளிகேஷன் அதிலும் எழுதத் தொடங்கினால் இரண்டு தரவுத்தளங்கள், இரண்டு வரலாறுகள். பிறகு அவற்றைச் சேர்த்து வைப்பது நரக வேதனை. அந்த மறுப்பு சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

புதிய ஏற்பாட்டில் ஒரு இடம் மட்டும் பலரைச் சுற்றவிட்டது. சர்வரை நகலெடுக்கும் கருவியான பிஜி_பேஸ்பேக்கப்பை ஆர் ஆப்ஷனுடன் ஓட்டினால் இணைப்பு விவரத்தை போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃபில் எழுதிவிடும். அப்புறம் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபில் பிரைமரி முகவரியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, ஆட்டோ கோப்பில் உள்ளதுதான் செல்லும். அமைப்புகளைப் பட்டியலிடும் பிஜி_செட்டிங்ஸில் சோர்ஸ்ஃபைல் பத்தியைப் பார்த்தால் எந்தக் கோப்பு ஜெயித்தது என்று உடனே தெரிந்துவிடும். பழைய முறையில் இப்படிக் கேட்க இடமே இல்லை. 12-இல் முகவரியை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவைப்பட்டது. 13-இல் ரீலோடே (சர்வரை நிறுத்தாமல் கோப்பை மீண்டும் படிக்கச் சொல்வது) போதும் என்றானதும் எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஓர் ஆபத்து மட்டும் இன்னும் இருக்கிறது. சிக்னல் கோப்பு விடுபட்டால், இணைப்பு விவரம் சரியாக இருந்தாலும் சர்வர் பிரைமரியாகவே எழும். அதனால் புது ஸ்டாண்ட்பை ஒவ்வொன்றிலும் முதலில், சர்வர் மீட்பு நிலையில் இருக்கிறதா என்று சொல்லும் பிஜி_இஸ்_இன்_ரெகவரி ஓட்டுகிறோம். ட்ரூ என்று வந்த பிறகுதான் அப்ளிகேஷனுக்குத் திறந்துவிடுகிறோம்.