போக்சோ வழக்கில் ஆறு வயதுக் குழந்தையின் சாட்சியம்: எதைப் பார்த்து எடைபோடுவது?

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் வக்கீல்கள் முதலில் செய்வது, குழந்தையின் வாக்குமூலங்களை வரிசையாக வைத்து முரண்பாடு தேடுவது. எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் கோடு போடும். அரசுத் தரப்பு அதே கோடுகளை ‘சிறு முரண்பாடு’ என்று சொல்லிக் கடந்துபோகும். குழந்தை சொன்ன அந்தச் சொல் எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது, கேட்டவர் யார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதை இரண்டு தரப்பும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சின்னக் குழந்தையின் சாட்சியத்துக்கு எடை கூடுவதும் குறைவதும் அங்கேதான்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 118ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 124. கேள்வி புரிந்து, அதற்கு அறிவுக்குப் பொருந்திய பதில் சொல்ல முடிந்தால் போதும். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு உண்மை பேச வேண்டும் என்பது புரிகிறது, ஆனால் சத்தியப்பிரமாணத்தின் தன்மை புரியவில்லை என்றால், பிரமாணம் இல்லாமலே சாட்சியம் பதியலாம். 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஒத்துறுதி (வேறு சான்றின் ஆதரவு) இல்லாமல் தண்டிக்கவே கூடாது என்ற விதியும் கிடையாது. 1951 டிசம்பரில் ராமேஷ்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒத்துறுதி தேடுவது நீதிபதியின் விவேகம் சார்ந்தது, சட்டக் கட்டாயம் இல்லை. எட்டு வயதுச் சிறுமியின் வழக்கு அது. சில மணி நேரத்துக்குள் தாயைப் பார்த்தவுடன் சிறுமி சொன்னதையே ஒத்துறுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். பிறகு 1998இல் பஞ்சி வழக்கு வந்தது. குழந்தை பிறர் சொல்லுக்கு எளிதில் வசப்படும், ஆகவே கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்றது. ‘கூடுதல் கவனம்’ என்பதை ‘கூடுதல் சந்தேகம்’ என்று படித்துக்கொண்ட தீர்ப்புகள் பல.

சாட்சிக் கூண்டுக்கு முன்பே ஒரு கட்டம் இருக்கிறது: நீதிபதி கேட்கும் முன்கேள்விகள். 2023இல் பிரதீப் எதிர் ஹரியானா வழக்கில், குழந்தைக்குக் கேள்வி புரிகிறதா, உண்மை பேசும் கடமை புரிகிறதா என்று நீதிபதி சோதித்து, கேள்வியையும் பதிலையும் பதிந்து, தன் திருப்தியையும் காரணத்தோடு எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நடைமுறையில் என்ன நடக்கிறது? பெயர் என்ன, எந்த ஸ்கூல், எத்தனாவது படிக்கிற, பொய் சொன்னா என்ன ஆகும். “சாமி கண்ணக் குத்தும்.” முடிந்தது, ‘சாட்சியமளிக்கத் தகுதியுடையவர்’ என்று ஒரு வரி. சாமி கண்ணைக் குத்தும் என்பது வீட்டில் பழகின பதில். அதை வைத்து எதுவும் தெரியாது. கையில் இருக்கும் நீலப் பேனாவைக் காட்டி, “இது சிவப்புன்னு நான் சொன்னா, அது உண்மையா பொய்யா?” என்று கேட்டால் தெரியும். அதைவிட நல்ல கேள்வி, குழந்தைக்குத் தெரியவே தெரியாத ஒன்றைக் கேட்பது: “எங்க வீட்டு நாய் பேர் என்ன?” தெரியாது என்று சொல்கிறதா, ஒரு பெயரை அடித்துவிடுகிறதா? அடித்துவிட்டால், ‘தெரியாதுன்னு சொல்லலாம்’ என்று அங்கேயே சொல்லிக்கொடுத்து, இன்னொரு முறை சோதிக்கலாம். இந்த நாலு வரி பதிவில் இருந்தால், பின்னால் குறுக்கு விசாரணையில் வரும் ஒவ்வொரு ‘ஆமா’வையும் அளந்து பார்க்க ஒரு அளவுகோல் கிடைக்கிறது.

இனி காகிதங்கள். சம்பவம் நடந்த நாளிலிருந்து கோர்ட் வரை ஒரு குழந்தை குறைந்தது ஐந்தாறு பேரிடம் சொல்லியிருக்கும். முதலில் அம்மாவிடமோ ஆயாவிடமோ டீச்சரிடமோ. பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார்; அது பெரும்பாலும் அம்மாவின் சொற்களில் இருக்கும். அடுத்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆவது பிரிவில் போலீஸ் பதியும் வாக்குமூலம், புதிய சட்டத்தில் அதன் எண் 180. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதுவது. மாஜிஸ்திரேட் எனும் நடுவர் முன் சொல்லும் 164 வாக்குமூலம், இப்போது 183. குழந்தைகள் நலக் குழு. கடைசியில் கோர்ட்டில் அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணையும், எதிரித் தரப்பு கேட்கும் குறுக்கு விசாரணையும். ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட வேண்டும்: தேதி, எழுதினவர், உடன் இருந்தவர், கேள்வியின் வடிவம், குழந்தையின் அசல் சொல், புதிதாக வந்த விஷயம். கேள்வியின் வடிவம் என்ற கட்டம்தான் பெரும்பாலும் காலியாக நிற்கும். காவல் நிலையத்தில் கேள்வியை எழுதும் பழக்கமே இல்லை. போக்சோ 26ஆவது பிரிவு, முடிந்தவரை ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவு இருந்தால் காகிதத்தை மூடிவைத்துவிட்டு அதைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தாளில் எல்லாவற்றையும்விட முக்கியமானது முதல் வரி. குழந்தை முதல்முறை வாயைத் திறந்தது எப்படி? குளிக்க வைக்கும்போது “வலிக்குது, தொடாதம்மா” என்று தானாகச் சொன்னதா? அல்லது, “மாடி அங்கிள் உன்னை ஏதாச்சும் பண்ணாரா? சொல்லு, அடிக்க மாட்டேன்” என்று கேட்ட பிறகா? இரண்டாவது பொய் என்று அர்த்தம் இல்லை. சந்தேகம் வந்த தாய் அப்படித்தான் கேட்பாள். ஆனால் அங்கே ஆளின் பெயரைக் கொடுத்தது தாய்; ஆளை அடையாளம் சொன்ன அளவுக்கு அந்தப் பதிலுக்கு எடை குறைவு. அதற்குப் பிறகு தாய் சொல்லாத எதைக் குழந்தை சேர்த்தது என்று பார்க்க வேண்டும். டிவியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, கதவைச் சாத்திவிட்டு என்ன சாக்லேட் கொடுத்தான், தம்பி வெளியில் நின்று தட்டினான். இப்படிச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றாத விவரங்கள் வந்தால் எடை ஏறும். தாயை விசாரிக்கும்போது “குழந்தை உங்களிடம் என்ன சொன்னது?” என்று மட்டும் கேட்டு அரசு வழக்கறிஞர் உட்கார்ந்துவிடுவது பெரிய குறை. “நீங்கள் என்ன கேட்டீர்கள்?” என்பதையும் முதல் விசாரணையிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது குறுக்கு விசாரணையில், வேறு உருவத்தில் வரும்.

கேள்வி இவ்வளவு முக்கியமா என்று நினைப்பவர்களுக்கு, கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு ஒரு பாடம். 1983இல் தொடங்கி 1990 வரை இழுத்தது, ஒரு தண்டனைகூட இல்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகளை, மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள் நீ மட்டும் ஏன் மறைக்கிறாய் என்ற பாணியில் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார்கள். உண்மையில் ஏதாவது நடந்திருந்தாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாதபடி பேட்டிகளே கெடுத்துவிட்டன. பிறகு 1995இல் உளவியல் ஆய்வாளர்கள் லைக்ட்மனும் சேசியும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், வந்து போன ஒரு விருந்தாளியைப் பற்றி முன்கூட்டியே கதை சொல்லி, தூண்டல் கேள்விகளும் பலமுறை கேட்டபோது, நடக்காததைப் பல குழந்தைகள் விவரமாகச் சொன்னார்கள். குறைந்த வயதில் இது அதிகம். இரண்டும் செய்யாமல், என்ன நடந்தது என்று மட்டும் கேட்கப்பட்டவர்கள் நன்றாகவே தாக்குப்பிடித்தார்கள். குழந்தை நம்பத்தகாதது என்று காட்ட இந்த ஆய்வைக் காட்டுபவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவார்கள்.

சொற்களுக்கு வருவோம். ஆறு வயதுக் குழந்தையின் 161 வாக்குமூலத்தில் ‘மேற்படி எதிரி பாலியல் இச்சையுடன் எனது அந்தரங்க உறுப்பில்’ என்று ஒரு வரி இருக்கும். காவல் நிலைய எழுத்தரான ரைட்டரின் தமிழ் அது. குழந்தை சொன்னது ‘உச்சா போற இடம்’ என்று இருந்திருக்கும். ரைட்டர் நல்ல எண்ணத்தில் செய்யும் இந்தத் திருத்தம் வழக்கின் முதுகெலும்பையே முறிக்கிறது. கோர்ட்டில் குழந்தை தன் சொல்லில் பேசும்போது, ‘போலீசில் இப்படிச் சொல்லவில்லை’ என்று ஒரு முரண்பாடு பிறந்துவிடுகிறது. 164இலும் இதே நோய் உண்டு, கொஞ்சம் குறைவாக. குழந்தையின் சொல்லை அப்படியே எழுதி, அது உடலின் எந்தப் பகுதி என்று பொம்மையிலோ படத்திலோ தொட்டுக் காட்டியதையும் அடுத்த வரியில் எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. எடைபோடும்போது ஒரு எளிய விதி: அந்த வயதுக் குழந்தையின் வாயில் வராத சொல் இருந்தால், அந்த வரி எழுதினவருடையது. அதைக் குழந்தையின் கணக்கில் சேர்க்கவும் கூடாது, கழிக்கவும் கூடாது.

நேரமும் எண்ணிக்கையும் சின்னக் குழந்தையிடம் கேட்கவே கூடாத கேள்விகள். எந்தத் தேதி, எத்தனை தடவை, எவ்வளவு நேரம். ஏதோ ஒரு பதில் வரும். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வரும். போலீசில் மூன்று தடவை, நடுவரிடம் ‘நெறைய’, கோர்ட்டில் ஒன்று. ஒரே மாதிரிச் செயல் திரும்பத் திரும்ப நடந்திருந்தால், அவை நினைவில் ஒன்றோடொன்று கலந்து ‘அவர் எப்பவும் இப்படிப் பண்ணுவார்’ என்று பொதுவாகிவிடும், பெரியவர்களுக்கே அப்படித்தான். எண்ணிக்கைக்குப் பதில், “முதல் தடவை நடந்தது ஞாபகம் இருக்கா? கடைசியா நடந்தது?” என்று கேட்கலாம். தேதிக்குப் பதில் பொங்கலுக்கு முன்னா பின்னா, ஸ்கூல் இருந்த நாளா லீவு நாளா. 1983ஆம் ஆண்டின் பர்வாடா வழக்கில், சாட்சியின் நினைவு வீடியோப் பதிவு இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது வயது வந்தவர்களுக்கும் பொருந்தும் விதி. குழந்தைக்கு அதைவிட அதிகமாகவே பொருந்தும். யார், என்ன செய்தார், எங்கே வைத்து என்ற மூன்றும் ஒட்டுமொத்தமாக நிலைத்திருக்கிறதா என்பதுதான் கரு. சட்டையின் நிறம் மாறினால் மாறட்டும். ஆனால் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் புதிதாக ஒரு ஆள் சேர்கிறார், அல்லது செயலின் வகையே மாறிக்கொண்டு போகிறது என்றால் நின்று பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் குழந்தையைச் சந்தித்தவர்கள் யார் என்ற பட்டியல் அப்போது தேவை. பயம் தெளியத் தெளியக் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதும் வழக்கம்தான். ஆகவே கூடுதல் விவரம் என்பதே குற்றச்சாட்டு ஆகாது.

‘சொல்லிக்கொடுத்தது’ என்ற வாதத்துக்கு வருவோம். குறுக்கு விசாரணையில் வழக்கமாக வரும் கேள்வி: “கோர்ட்ல என்ன சொல்லணும்னு அம்மா சொல்லிக் கொடுத்தாங்களா?” குழந்தை “ஆமா” என்கிறது. டைப்பிஸ்ட் அடிக்கிறார்: ‘என் அம்மா சொல்லிக் கொடுத்ததைத்தான் சாட்சியம் சொல்கிறேன் என்றால் சரிதான்.’ அம்மா சொன்னது, “பயப்படாம நடந்ததை அப்படியே சொல்லு” என்பதாக இருக்கலாம். குறுக்கு விசாரணைக்குப் பின் அரசுத் தரப்பு கேட்கும் மறு விசாரணையில் “அம்மா என்ன சொல்லிக் கொடுத்தாங்க?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் தெரிந்துவிடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் மேல்முறையீட்டில் தடுமாறும் வழக்குகள் உண்டு. அரசு வழக்கறிஞர் கேட்காவிட்டால் நீதிபதியே கேட்கலாம். போக்சோ 33ஆவது பிரிவின்படி, குழந்தைக்கான கேள்விகள் எல்லாம் நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஏற்பாடு பல கோர்ட்டுகளில் காகிதத்தோடு சரி. 2025 பிப்ரவரியில் பல்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘சொல்லிக்கொடுத்தது’ என்ற வாதத்தைச் சோதிக்க ஒரு வழி வகுத்தது: சொல்லிக்கொடுக்க வாய்ப்பு இருந்தது என்று மட்டும் காட்டினால் போதாது, சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று நியாயமாக நம்ப அடிப்படையும் காட்ட வேண்டும். குழந்தை அம்மாவோடு வாழ்கிறது என்பது வாய்ப்பு மட்டுமே. 2011இல் ரமேஷ் வழக்கில், சொல்லிக்கொடுத்த பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு மீதி நம்பத்தக்கதாக இருந்தால் ஏற்கலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது.

பொய் வழக்கு என்று எதிரித் தரப்பு சொல்லும் காரணம் பெரும்பாலும் இடத் தகராறு, வாடகை, கணவன் மனைவி பிரிவு. தகராறு இருந்தது என்று நிரூபிப்பது எளிது. பார்க்க வேண்டியது தேதிகள். தகராறு எப்போது முற்றியது, குழந்தை முதலில் சொன்னது எப்போது, அப்போது யார் பொறுப்பில் இருந்தது. தகராறோடு சம்பந்தமே இல்லாத டீச்சரிடம் முதலில் சொல்லியிருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற மனு தாக்கலான மறு வாரம், தாயின் புகாரில் முதன்முறையாகத் தலைகாட்டியிருந்தால், அந்த வாதத்தைக் கவனமாக எடைபோட்டே ஆக வேண்டும். எதிரிக்கும் அந்த நியாயம் உண்டு.

குறுக்கு விசாரணையின் மொழி தனிச் சிக்கல். ‘நீ சொல்வது போல் சம்பவம் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் சரிதானே?’ என்ற வாக்கியத்தில் எத்தனை முடிச்சு! ஏழு வயதில் இதற்கு வரும் ‘ஆமா’வுக்கு எந்த எடையும் இல்லை. ஒரு கேள்வியில் ஒரு விஷயம், எதிர்மறை இல்லாமல். ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டால், முன்னே சொன்னது தப்பு போல என்று குழந்தை பதிலை மாற்றும். நடுநடுவே இடைவேளை விட வேண்டும் என்பது 33இலேயே இருக்கிறது. எதிரியைக் குழந்தை பார்க்காதபடி திரையோ காணொலியோ வைப்பது 36.

அழுதது, அழவில்லை, சிரித்தது. இதையெல்லாம் வைத்து முடிவுக்கு வருவதை நிறுத்த வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்லும் குழந்தையும் உண்டு. பேசாமலே இருந்துவிட்டால்? 2025 மார்ச்சில் சத்ரா வழக்கில், 1986இல் நடந்த சம்பவம், குழந்தை கோர்ட்டில் பேசாமல் கண்ணீர் மட்டும் விட்டது. அந்த மௌனம் எதிரிக்குச் சாதகமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, தண்டனையை மருத்துவச் சாட்சியமும் சூழ்நிலைச் சாட்சியமும்தான் தாங்கின. மௌனமே ஆதாரம் என்று யாரும் படித்துவிடக் கூடாது.

பலர் தவறும் இன்னொரு இடம் 164. நடுவர் முன் சொன்னது அடிப்படைச் சாட்சியம் ஆகாது. கோர்ட்டில் சொல்வதை உறுதிப்படுத்தவோ முரண்படுத்தவோ மட்டுமே அது பயன்படும். மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு மட்டும் அதையே முதல் விசாரணையாகக் கொள்ள வழி உண்டு. சமரசம் பேசி முடித்த குடும்பத்தின் குழந்தை கூண்டில் ஏறி ‘ஒண்ணும் நடக்கல’ என்று பிறழ்ந்தால், 164ஐ மட்டும் தூக்கிப் பிடித்துத் தண்டிக்க முடியாது. போக்சோவின் 35ஆவது பிரிவு, வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதியச் சொல்வது இதற்காகவும்தான். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஒரு சமரசப் பேச்சுக்கு இடம் கொடுக்கிறது.

மாறாக நிரூபிக்கப்படும்வரை எதிரிதான் குற்றம் செய்தார் என்று கொள்ளும் 29ஆவது பிரிவின் அனுமானத்தைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அடிப்படைச் சங்கதிகளை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகே அது வரும். ஓட்டை விழுந்த சாட்சியத்தை அடைக்க அது உதவாது. மருத்துவச் சான்றில் ‘காயம் இல்லை’ என்று இருப்பதும் அதுபோல, எதிரித் தரப்பு நினைக்கும் அளவுக்கு உதவாது. 7ஆவது பிரிவு சொல்லும் பாலியல் நோக்கத்துடனான தொடுதலுக்குக் காயமே தேவையில்லை. தீர்ப்பு எழுதும்போது, ‘குழந்தையின் சாட்சியம் நம்பிக்கையளிக்கிறது’ என்ற ஒற்றை வரி மேல்முறையீட்டில் நிற்காது. முதலில் சொன்னது யாரிடம், எந்தக் கேள்விக்கு, எந்தச் சொல்லில், எந்தப் பகுதியை ஏற்கிறோம், எந்த முரண்பாட்டை ஏன் விடுகிறோம் என்று பத்தி பத்தியாக இருக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்புக்கும் அதேதான்.