புல்லும் மரமும் படையாள்

நவம்பர் 4
'காற்றோசை, கொக்கின் குரல்; புல்லும் மரமும் படையாள்.' மனம் இருப்புக்கொள்ளாமல் எதைக் கண்டாலும் பதறுகிற நிலையைச் சீனர்கள் இப்படிச் சொல்கிறார்கள். இது பிறந்தது கி.பி. 383-இல், இன்றைய அன்ஹுய் மாகாணத்தில் நடந்த ஃபெய் ஆற்றுப் போரில். வடக்கிலிருந்து படையெடுத்து வந்தவர் வட சீனத்தை ஆண்ட மன்னர் ஃபூ ஜியென். எதிரே தெற்கை ஆண்ட கிழக்கு ஜின் அரசு. இவருக்கு எட்டு லட்சத்துக்கு மேல், அவர்களுக்கு 80,000 பேர் என்கிறது பழைய 'ஜின் வரலாறு'. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் பெரும்படைதான். என் வீரர்கள் சாட்டையை வீசினாலே யாங்சி ஆற்றின் ஓட்டம் நின்றுவிடும் என்று பேசியவர் அவர்.

நவம்பர் 5
முன்னணிப்படை அடிவாங்கியதும் அந்தப் பேச்செல்லாம் போய்விட்டது. தம்பி ஃபூ ரோங்குடன் ஷோயாங் நகரத்து மதில்மேல் நின்று பார்க்கிறார். பாகோங் மலையின் செடிகொடிகள்கூட எதிரிகளாகத் தெரிகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். படையெடுப்பே வேண்டாம் என்று முன்பே தடுத்துப் பார்த்தவர் அந்தத் தம்பி.

அப்புறம் ஆற்றங்கரை. கொஞ்சம் பின்வாங்குங்கள், கடந்து வந்து மோதுகிறோம் என்று ஜின் தரப்பு கேட்டது. பாதி ஆற்றில் மடக்கிவிடலாம் என்று இவரும் ஒப்புக்கொண்டார். பின்வாங்கிய படை நிற்கவே இல்லை. 'தோற்றோம்' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு. ஃபூ ரோங் குதிரை சாய்ந்து கொல்லப்பட்டார். தப்பியவர்கள் காற்றடித்தாலும் கொக்கு கத்தினாலும் துரத்தி வருகிறார்கள் என்று ஓடினார்கள். பசியிலும் குளிரிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

நவம்பர் 7
தோற்றவர்களின் பதற்றம்தான் மரபுத்தொடராக நிலைத்தது. ஜெயித்த பக்கமும் அதே தவிப்பில்தான் இருந்திருக்கிறது. போருக்கு முன் ஜின் அமைச்சர் சியே ஆன், தளபதியான தன் அண்ணன் மகன் சியே சுவானை உட்காரவைத்து வெய்ச்சி (கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் பலகை ஆட்டம், 'கோ') ஆடினார். எப்போதும் சித்தப்பாவைவிட நன்றாக ஆடுகிறவர், அன்று பயத்தில் ஜெயிக்க முடியவில்லை.

வெற்றிச் செய்தி வந்தபோதும் சியே ஆன் ஆட்டத்தில்தான் இருந்தார். கடிதத்தைப் படித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த காயை வைத்தார். என்ன செய்தி என்று விருந்தாளி கேட்டதற்கு, 'பிள்ளைகள் எதிரியை முறியடித்துவிட்டார்கள்' என்றார். அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து உள்ளே போகும்போது வாசற்படியில் மர மிதியடியின் அடியிலிருந்த கட்டைப் பல் உடைந்தது. உள்ளே பொங்கிய மகிழ்ச்சியில் அது உடைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

உணர்ச்சியை வலிந்து மறைத்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. தலைநகரமே நடுங்கிக் கிடந்த நேரத்தில் அவரும் முகம் வெளிறி நின்றிருந்தால் ஊர் யாரைப் பார்த்துத் தைரியம் கொண்டிருக்கும்?