அப்டேட் மியூட்டேஷன் மட்டும் வரல, காரணம் கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு

மூணு கிளை இருக்கற ஒரு மருந்துக்கடைக்கு ஸ்டாக் ஆப் பண்ணிட்டிருந்தேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மேல போஸ்ட்கிராஃபைல் 4, அது டேபிளைப் பாத்து தானாவே கிராஃப்கியூஎல் ஏபிஐ (ஆப் டேட்டாவைக் கேக்கறதுக்கும் மாத்தறதுக்குமான வழி) பண்ணிக் குடுத்துடும். ஸ்டாக் டேபிளுக்கு லிஸ்ட் வந்துச்சு, கிரியேட் வந்துச்சு, அப்டேட்டும் டெலீட்டும் மட்டும் இல்லவே இல்ல (டேட்டாவை மாத்தற இந்த மாதிரி கட்டளைக்குத்தான் மியூட்டேஷன்னு பேர்). எரரும் கிடையாது.

பர்மிஷன்தான் பிரச்சனைன்னு நெனச்சு கிராண்ட் குடுத்தேன், யூசர் ரோலை மாத்தினேன், சர்வரை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணேன், ஒரு நாள் முழுக்கப் போச்சு. அப்புறம்தான் டேபிளையே பாத்தேன், எக்செல்ல இருந்து ஏத்தினது, பிரைமரி கீயே இல்ல, அதாவது ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டற ஃபீல்டு. கிளை, மருந்து கோடு, பேட்ச் நம்பர் மூணும் சேந்தா ஒரே ரோதான்னு எங்களுக்குத் தெரியும், டேட்டாபேஸ்கிட்ட யாரும் சொல்லல, அப்ப எந்த ரோவை மாத்தணும்னு ஏபிஐக்கு எப்படித் தெரியும்?

சரின்னு மூணு ஃபீல்டுக்கும் சேத்து, ஒரே மதிப்பு ரெண்டு ரோல வராம தடுக்கற யூனிக் இண்டெக்ஸ் போட்டா டூப்ளிகேட் இருக்குன்னு போஸ்ட்கிரெஸ் மறுத்துடுச்சு. குரூப் பை, ஹேவிங் கவுண்ட் போட்டுத் தேடினேன். ஒரே பேட்ச் ரெண்டு ரோவா இருந்துச்சு, ஒண்ணுல 40 ஸ்ட்ரிப், இன்னொண்ணுல 25. ரெண்டையும் கூட்டறதா ஒண்ண அழிக்கறதான்னு நானா முடிவு பண்ணக்கூடாது, மருந்து விஷயம் இது, அதனால கடைக்காரருக்குப் போன் போட்டு ராக்ல இருக்கறத எண்ணிச் சொல்லுங்கண்ணேன்னு கேட்டு அந்த எண்ணத்தான் வச்சேன். இதுல அவசரப்படாதீங்க, நேரம் ஆனாலும் பரவால்ல.

இண்டெக்ஸ் ஏறிடுச்சு, அப்பவும் மியூட்டேஷன் வரல! நான் ரொம்ப நேரம் மாட்டினது இங்கதான். போஸ்ட்கிராஃபைல் பாக்கறது கன்ஸ்ட்ரெயின்ட்டை (பிரைமரி கீ மாதிரி டேபிள் மேல அறிவிக்கற விதி), வெறும் யூனிக் இண்டெக்ஸை அது கணக்குல எடுக்காது. ஆல்டர் டேபிள்ல ஆட் பிரைமரி கீ யூசிங் இண்டெக்ஸ்னு குடுத்தா ஏற்கனவே போட்ட இண்டெக்ஸையே கீயா மாத்திக்கும். டேபிள் மாறினா தானா கவனிச்சுக்கற வாட்ச் மோட்ல சர்வர் ஓடிட்டிருந்ததால உடனே மூணு ஃபீல்டு பேரும் ஒட்டின நீளமான அப்டேட் மியூட்டேஷன் வந்துடுச்சு.

கூடவே நோட் ஐடி (ஒவ்வொரு ரோவுக்கும் போஸ்ட்கிராஃபைல் குடுக்கற அடையாளம்) வச்சு இன்னொரு அப்டேட்டும் வந்துச்சு. ஃபிரண்ட்எண்ட் பண்ற தம்பி அந்த நோட் ஐடிய போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தார், பேட்ச் நம்பரைத் திருத்தினதும் அந்த ரோ கிடைக்கலன்னு வந்தார். அந்த ஐடி பேஸ்64ங்கற குறியீட்டுல இருக்கும், அதைப் பிரிச்சுப் பாத்தா சதுர அடைப்புக்குள்ள டேபிள் பேரு, பின்னாடியே கீ மதிப்புங்க, அவ்ளோதான் நோட் ஐடி. கீ மாறினா அதுவும் மாறிடும்.

அதனால அந்தக் கீயை எடுத்துட்டு, தானா ஏறற ஐடி ஃபீல்டு ஒண்ணு சேத்து அதை பிரைமரி கீ ஆக்கிட்டேன், பழைய மூணு ஃபீல்டுக்கும் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட். இப்ப பேட்ச் நம்பர் தப்பா அடிச்சிருந்தா ஐடியும் சரியான நம்பரும் அனுப்பினா போதும், அனுப்பாத ஃபீல்டெல்லாம் அப்படியே இருக்கு.