முள்ளு 100 எண்டுது, மாமா 93 எண்டுறார்

எங்கட மாமா, அதான் மனுசியின்ட அப்பா, சேர்வேயரா இருந்து பென்சன் எடுத்தவர். இப்ப வெள்ளவத்தையில எங்களோடதான் இருக்கிறார். வீட்டு யன்னலுக்கு கேர்ட்டன் தைக்கக் குடுக்கேக்க தையல்காரன் அளந்த பிறகு தானும் ஒருக்கா அளந்து, ரெண்டுக்கும் கால் இஞ்சி வித்தியாசம் எண்டு அந்தாளை மூண்டாவது முறை ஸ்டூலில ஏத்தின மனுசன். அப்பிடிப்பட்டவரைக் காரின்ட முன் சீற்றில இருத்திக்கொண்டு காலிக்குப் போன கதைதான் இது.

லண்டனில இருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது, காலி கோட்டை பாக்கோணுமாம். கொட்டாவையில ஹைவேயில ஏறி ஸ்பீடோமீட்டர் முள்ளை 100லயே வச்சிருந்தன், அதுக்கு மேல போகக்கூடாது, எந்தப் பாலத்துக்குக் கீழ பொலிஸ் ஸ்பீட் கன்னோட நிக்குமெண்டும் தெரியாது. கொஞ்சத் தூரம் போக பின் சீற்றில இருந்து மச்சான், "அத்தான், நீங்க 93தான் போறீங்க" எண்டான். போனில ஜீபிஎஸ் ஆப் ஒண்டு போட்டுப் பாத்துக்கொண்டு வந்திருக்கிறான். நான் முள்ளைக் காட்ட அவன் போனைக் காட்ட, மனுசி "போனுக்கு இஞ்சத்த ரோட்டைப் பற்றி என்ன தெரியும்" எண்டு என்ர பக்கம் வந்தா. அவ என்ர பக்கம் வாறது அபூர்வம், அதால நானும் முள்ளை விட்டுக்குடுக்கேல்ல.

மாமா வாயே திறக்கேல்ல. மணிக்கூட்டைக் கழட்டிக் கையில எடுத்தார்.

"தம்பி, வேகத்தை மாத்தாமப் பிடியும்."

ரோட்டோரம் கிலோமீட்டர் கட்டை இருக்கெல்லோ, ஒரு கட்டை வரேக்க கையைத் தூக்கினவர் அடுத்த கட்டையில இறக்கினார். பக்கத்து லேனில போன வான்காரன் தன்னை மறிக்கிறார் எண்டு நினைச்சு ஸ்லோ பண்ணினது வேற கதை. கணக்கு சிம்பிள், ஒரு கிலோமீட்டருக்கு 36 செக்கன் எடுத்தா 100ல போறீர், இல்லாட்டி 3600ஐ செக்கனால பிரியும், அவ்வளவுதான். எங்களுக்கு 38.5 வந்தது. மச்சான் கல்குலேட்டரைத் திறக்க முதல் மாமா "தொண்ணூத்தி மூண்டரை" எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டார்.

இதில கார் பழுது ஒண்டும் இல்லை. ஸ்பீடோமீட்டருக்கு ஐநாவின்ட 39ஆம் இலக்க விதி எண்டு ஒண்டு இருக்கு, கனக்க நாடுகள் அதைத்தான் பாவிக்குது. உண்மையான வேகத்தை விட முள்ளு குறைச்சுக் காட்டவே கூடாது, ஆனா கூட்டிக் காட்டலாம், பத்து வீதமும் அதோட 4 கிலோமீட்டரும் வரைக்கும். நீங்க உண்மையா 100ல போனா முள்ளு 114 காட்டினாலும் சட்டப்படி சரி, 99 காட்டினா பிழை. எங்கட கார் ஜப்பான், அங்கயும் இதே போக்குத்தான், 2007க்குப் பிறகு செய்த காரை செக் பண்ணேக்க முள்ளு 40ல நிக்க உண்மை வேகம் 30.9க்கும் 42.55க்கும் இடையில இருந்தா பாஸ். கீழ் பக்கம் எவ்வளவு தாராளம் எண்டு பாருங்கோ! கம்பனிக்காரனுக்கும் இதுதான் வசதி, முள்ளு குறைச்சுக் காட்டி ஒருத்தனுக்கு ஃபைன் வந்தா அவன் நேர கம்பனி வாசலுக்கெல்லோ வருவான்.

இதை நான் விளங்கப்படுத்தி முடிய மனுசி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப இவ்வளவு காலமும் இவர் ஸ்பீடாப் போறார் எண்டு நான் பிடிச்ச சண்டையெல்லாம்?" எண்டு கேட்டா.

"ஏழு வீதம் கழிச்சுக்கொள்ளு பிள்ளை" எண்டார் மாமா.

மச்சானுக்கு உடன உற்சாகம், அப்ப முள்ளு 107க்குப் போகலாம்தானே அத்தான் எண்டு. அதைப் பொலிசுக்கு ஆர் விளங்கப்படுத்துறது, மாமா இறங்கி மணிக்கூட்டைக் காட்டுவாரோ?

மனுசன் அதோட விட்டாரா, இல்லை. "கிலோமீட்டர் மீட்டரையும் பாப்பம்" எண்டு ட்ரிப்பை சைபருக்குக் கொண்டுவரச் சொன்னார். 20 கட்டை தாண்ட மீட்டரில 20.2. ஒரு வீதம்தான் பிழை. ரெண்டுக்கும் சென்சர் அனுப்புற அதே துடிப்புத்தான் போகுது, ஆனா தூரம் காட்டுறது அதை உள்ளபடி எண்ணுது, முள்ளுக்கு மட்டும் மேல கொஞ்சம் போட்டுக் குடுக்கிறாங்கள். சரி, அந்த ஒரு வீதம் எங்க போச்சு எண்டது மாமாவின்ட அடுத்த பிரச்சினை.

வெலிபென்னையில ரீ குடிக்க நிப்பாட்டினம். எல்லாரும் ரோல்ஸ் வாங்கப் போக மாமா சட்டைப் பொக்கற்றில இருந்து சின்ன அடிமட்டத்தை எடுத்து (ஓம், எப்பவும் இருக்கும்) டயருக்குப் பக்கத்தில முழங்காலில இருந்திட்டார். ஒரு வானில இருந்து ரெண்டு பேர் ஓடி வந்து "ஜெக் ஓனெத மாத்தயா?" எண்டு கேக்கினம், இவர் "நெ நெ, மனினவா", அதாவது இல்லை, அளக்கிறன் எண்டுறார். அவங்கள் என்னை ஒரு பார்வை பாத்தாங்கள். எங்கட டயர் சைஸ் 175/65 ஆர்14, புதுசில விட்டம் 58 சென்றிமீட்டருக்குக் கிட்ட, பூ, அதான் ரோட்டில படுற வெட்டு, ஒரு 3 மில்லிமீட்டர் தேஞ்சிருந்தது. விட்டத்தில 6 மில்லிமீட்டர் போனா சரியா அந்த ஒரு வீதம்தான், சக்கரம் சின்னனாக கூடத் தரம் சுத்தும், மீட்டரும் கூட எண்ணும். கணக்கு முடிஞ்ச பிறகுதான் மனுசன் ரீயைத் தொட்டார், அது ஆறிப் பச்சைத்தண்ணி.

காலி கோட்டையைப் பற்றி எழுத ஒண்டும் இல்லை. வெயில்.

பிறகு ஒரு நாள் மேல் மாடி ஃபிளட் பெடியன் நுகேகொட பக்கம் பழைய கார் பாக்கப் போகேக்க மாமாவையும் கூட்டிக்கொண்டு போனான், நானும் புதினம் பாக்கப் பின்னால போனன். 12 வருசம் ஓடின கார், மீட்டரில 48 ஆயிரம். பிரேக் பெடல் ரப்பர் மொட்டையாக் கிடக்கு, ஸ்டியரிங் பளபளக்குது. மீட்டரைக் குறைச்சுக் காட்ட அந்தக் காலத்தில கேபிளைக் கழட்டி விட்டு ஓடுவாங்கள், இப்ப லப்டொப்பைக் கொழுவினா அஞ்சு நிமிச வேலை. மாமா ஒண்டையும் குறை சொல்லேல்ல, காரை விக்கிற ஆளோட அன்பாக் கதைக்கத் தொடங்கினார்.

"நல்லா வச்சிருக்கிறீர் தம்பி. தூரப் பயணமும் போறதோ?"

"ஊர் கண்டி ஐயா, கிழமைக்கு ஒருக்கா கட்டாயம் போவன். கடுகண்ணாவ ஏத்தத்தில கூட ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல, வாங்கின நாள்ல இருந்து நான்தான் ஓட்டுறன்."

"ஓ, 12 வருசமும்?"

"12 வருசமும் ஐயா!"

மாமா மேல பாத்தார். "போய் வர 230. வருசத்துக்கு 52 தரம், 11,960. பன்ரெண்டால பெருக்க ஒரு லட்சத்து நாப்பத்து மூவாயிரத்து ஐஞ்நூத்தி இருவது." பிறகு டாஷ்போர்ட்டைக் குனிஞ்சு பாத்து, "மிச்சக் கிலோமீட்டரை பஸ்ஸில போனனீரோ தம்பி?" எண்டார்.

பின்னேரம் அந்தாள் பெடியனுக்குக் கோல் எடுத்து, விலையில பாத்துச் செய்யலாம், ஆனா அடுத்த முறை அந்த ஐயாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் எண்டு கெஞ்சியிருக்கிறார். பெடியன் வந்து சொல்ல மாமா பேப்பரில இருந்து தலையை எடுக்காமலே கேட்டார்:

"கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைக்கிறாராம்?"