கறிவேப்பிலை மணந்தது

இன்று சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கசக்கி முகர்ந்தேன். மணந்தது! அங்கேயே கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கோவிட் வந்து 14 மாதங்கள். காய்ச்சல் நான்கே நாளில் விட்டது, அசதி விடவில்லை. போன வாசனையும் திரும்பவில்லை. ஒருநாள் மின்தூக்கிக்குக் காத்திராமல் மூன்று மாடி ஏறினேன். அன்று ஒன்றுமில்லை. மறுநாள் உடம்பு துவண்டு, இரண்டு நாள் எழவே முடியவில்லை. சோம்பல் என்றார்கள், வலித்தது. நெடுங்கோவிட், அதாவது கோவிட் தணிந்த பின்பும் மாதக்கணக்கில் நீளும் நோய், பலருக்கு இப்படித்தான், உழைத்த களைப்பு தாமதமாக வந்து அடிக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே இந்நோய்க்கு வரையறை வகுத்துவிட்டது.

உங்களுக்கும் இப்படியென்றால் உடம்போடு மல்லுக்கட்டாதீர்கள். களைக்கும் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது.

ஒவ்வொரு நாளும் ரசக் கிண்ணத்தை நீட்டி, “வாசம் தெரிகிறதாம்மா?” என்று கேட்பார் அம்மா. இன்றிரவு நானே தாளிக்கப் போகிறேன்.